டெவனி துரைக்கு இரண்டு கல்லறை

எங்கே போய் நிற்பது என்றுதான் செலஸ்டினுக்கு முதலில் விளங்கவில்லை. பூசை முடிந்து சாமியார் தீர்த்தச் செம்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்ததுதான் தாமதம், அதுவரை கோயில் வாசலில் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் வளவளத்துக்கொண்டிருந்த ஜனம் சொல்லி வைத்தாற்போல் வாயை மூடிக்கொண்டு, ஆளுக்கொரு திசையாகப் பிரிந்து, அவரவர் வீட்டுக் கல்லறை முன்னால் போய் நின்றுவிட்டது. பந்தியில் இலை போட்ட மாதிரி ஒரு கல்லுக்கு ஒரு குடும்பம். அயர்லாந்தில் இந்தக் கில்ராவன் பங்கில் வருஷத்துக்கு ஒரு ஞாயிறு இப்படியாம், தீர்த்தம் தெளித்துக் கல்லறை மந்திரிப்பு. நம்ம ஊரில் நவம்பரில் கல்லறைத் திருநாள் என்றால் மெழுகுவத்திக்காரனும் பூக்காரியும் சுண்டல்காரனும் போடுகிற சத்தத்தில் செத்தவனே எழுந்து உட்கார்ந்துவிடுவான். இங்கே காற்று கூட காலணியைக் கழற்றிவிட்டு வந்தது போல இருந்தது. கோயில் பெருக்குகிற பிரீஜ் என்ற அம்மாள் அவர் முழங்கையைத் தொட்டு, உங்களுடையது அந்த மதிலோரம், போய் நில்லுங்கள், கல்லறை ஆளில்லாமல் இருக்கக் கூடாது என்று சொன்னாள். உங்களுடையது என்று அவள் சொன்னபோது செலஸ்டின் தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அறுபத்தோரு வயசு, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், பனங்கொட்டை நிறம், பெயர் மட்டும் செலஸ்டின் டெவனி. கூட வந்த மகளைத் திரும்பிப் பார்த்தார். ரெனிட்டா சரளைப் பாதையிலேயே நின்றுவிட்டாள். ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி பார்த்துவிட்டுக் கண்ணை மூடாமல் காரோட்டி வந்தவள், கோட்டுப் பையில் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு, "நீங்க போங்கப்பா. நான் எந்தக் கணக்குன்னு நீங்க இன்னும் சொல்லலியே" என்றாள். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. அவர் புல்லில் இறங்கி நடந்தார்.

பதில் சொல்லத்தானே வந்தது. அதற்குத்தானே இத்தனை தூரம், இத்தனை குளிர், கம்பளிக்குள் கம்பளி. பதில் சொல்லிவிட்டு நாளைக்கு விமானம் ஏற வேண்டும். மனைவி பிலோமி திருச்சி ஏர்போர்ட்டில் வைத்து அவர் சட்டைக் காலரைச் சரிசெய்கிற சாக்கில் காதோடு சொன்னாள், அவனை விட்டுட்டு அவளை வரச் சொல்லுங்க, வரலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க, நீ எங்களுக்குச் செத்துட்டன்னு, சொல்லிட்டுத் திரும்பிப் பார்க்காம வந்துருங்க, நான் தலைமுழுகிக்கிறேன். செலஸ்டினும் மாடு மாதிரித் தலையாட்டிவிட்டார். முப்பத்து மூணு வருஷமாக ஆட்டிய தலை, புதுசா எப்படி நிற்கும். வந்து மூணு வாரமாகிறது, வாயே திறக்கவில்லை. காலையில் சொல்லலாம் என்று நினைப்பார், அவள் டூட்டி முடிந்து தூங்கப் போவாள். சாயங்காலம் சொல்லலாம் என்று நினைப்பார், அந்தப் பையன் பெலிக்ஸ் சமையலறையில் ரசத்துக்கு மிளகு தட்டிக்கொண்டிருப்பான். அதுவும் நர்ஸ் படித்த பிள்ளை, அதே ஆஸ்பத்திரி, ஞாயிறு தவறாமல் பூசை, ரெண்டு பேரும் ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணக் கையெழுத்துப் போட்டு மூணு மாசம். ரசம் நன்றாகவும் இருந்தது, செலஸ்டின் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார், குடித்துவிட்டு ராத்திரி முழுக்கப் பிலோமிக்குத் துரோகம் செய்தவர் போலப் புரண்டார். பையனிடம் என்ன குறை? ஒன்றுமில்லை, பிறந்த தெருதான் குறை. பிலோமியின் சொந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு சுவர் உண்டு. ஒரே சாமியார், ஒரே வேதம், ஒரே ஐம்பத்து மூன்று மணி செபமாலை, ஆனால் செத்தால் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு ஜனம், அந்தப் பக்கம் ஒரு ஜனம். பெலிக்ஸ் அந்தப் பக்கம். அவன் கையால சோறு தின்னுட்டு வந்தீங்கன்னா நம்ம வாசப்படி மிதிக்காதீங்க என்று பிலோமி சொல்லியிருந்தாள். ரசம் சோற்றில் சேர்த்தியா இல்லையா என்று செலஸ்டினுக்கு அப்போதிலிருந்து சந்தேகம். சரி, நான் எந்தப் பக்கம்? அதை யாரும் கேட்டதில்லை. மாமனார் பெண் கொடுத்தபோது, டெவனின்னா துரை வீட்டு வம்சம், சுவரெல்லாம் அவங்களுக்குக் கிடையாது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். எந்தத் துரை, எந்த ஊர், கோயிலில் தாலி கட்டினானா இல்லையா, ஒருத்தரும் கிளறவில்லை. வெள்ளைத் தோலைக் கிளறினால் நமக்குத்தானே கஷ்டம்.

ஐம்பத்து மூன்று மணி செபம் ஆரம்பித்துவிட்டது. சாமியார் மைக்கில் முதல் பாதி சொல்ல, கல்லறைக்குக் கல்லறை மறுபாதி எழும்பி வந்தது, பாஷை வேறாக இருந்தாலும் இழுவை அதே இழுவை, மூச்சு விடுகிற இடம் கூட அதே. கண்ணை மூடினால் பொன்மலை. திறந்தால் சாம்பல் நிற வானம், ஈரப் புல், மதிலுக்கு அப்பால் இவரையே பார்த்துக்கொண்டு அசை போடாத ஒரு மாடு. அது ஏன் அசை போடவில்லை? மாடென்றால் அசை போட வேண்டாமா? அவர் ரெனிட்டா நின்ற பக்கம் பார்த்தார், இருந்தாள். எதற்குப் பார்த்தோம் என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது. அப்படிப் பார்க்க வைத்தது நேற்றைக்குப் போனில் கண்டது. வீடியோவில் பிலோமி முகம் பக்கத்தில் பெரிதாகத் தெரிந்தது, அவள் பேசப் பேசத் தலை அசைந்தபோதெல்லாம் பின்னால் சுவரில் சிவப்பாக ஒன்று மினுக்கியது. அப்பா படத்துக்குப் போட்ட சீரியல் பல்பு என்று நினைத்தார். அப்பா படம் அந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது? கொஞ்சம் நகரு பிலோமி என்றார். நகர்ந்தாள். ரெனிட்டா பட்டம் வாங்கின போட்டோ, அதற்குச் சந்தன மாலை, கீழே சிவப்பு பல்பு. அடிப்பாவி, இருக்கிற பிள்ளைக்கு மாலையா, பலிச்சுடுமேடி. அவர் கத்தவில்லை, கத்தினது உள்ளே. பிலோமி நிதானமாக, "நான் அழுது முடிச்சுட்டேன். நீங்க சொல்லிட்டு வந்தாப் போதும்" என்றாள். அதிலிருந்து பிடித்தது இந்தப் பீதி. ராத்திரி அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார், மகள் டூட்டிக்குப் போய்விட்டாள், மடித்த போர்வை. விடிந்து வந்தவள் முகத்தில் ரத்தமே இல்லை, தூக்கமில்லாத வெளுப்பு, அவ்வளவுதான், நர்ஸ் வேலை என்றால் அப்படித்தான், ஆனால் காபி டம்ளரைக் கொடுத்தபோது விரல் பட்டது, ஐஸ். இந்த நாட்டில் எல்லோர் விரலும் ஐஸ்தான், என் விரலும் ஐஸ்தான் என்று சொல்லிக்கொண்டார். காரில் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூச்சு கண்ணாடியில் படிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தார். படிந்தது. பிறகு படியவில்லை. ஹீட்டர் போட்டிருந்தாள், அதனால். இப்போதும் பாதையில் நிற்கிறவளை யாரும் பார்க்கவில்லை, ஒருத்தரும் தலையசைக்கவில்லை, அவளைத் தாண்டிப் போன குழந்தை கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. எந்தக் கல்லறையிலும் நிற்காத ஆளை இந்த ஊர் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

கல்லைப் பார், கல்லைப் பார்த்தால் புத்தி நிலையாக நிற்கும். பாசி பிடித்த கறுப்புக் கல். மேலே டெவனி என்று பெரிசாக, கீழே தாமஸ், இருபத்து மூணு வயசு, 1909. அங்கேதான் புத்தி நிற்காமல் வழுக்கியது. ஏனென்றால் தாமஸ் டெவனி 1909-ல் சாகவில்லை. தாமஸ் டெவனி பொன்மலையில் எஞ்சின் டிரைவராக இருந்து, கூனி பஜாரில் கத்தரிக்காய் பேரம் பேசி, அந்தோணியம்மாள் என்ற சமையல்காரியோடு குடும்பம் நடத்தி, செலஸ்டினின் தாத்தாவைப் பெற்று, தலை நரைத்து, ரத்தக்கொதிப்பில் போய், ரயில்வே கல்லறைத் தோட்டத்தில் புதைந்திருக்கிறார். அந்தக் கல்லுக்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிப்பதே செலஸ்டின்தான். அந்தத் தாமஸ் குடித்துவிட்டு உளறும்போதெல்லாம் கில்ராவன் கில்ராவன் என்பாராம், அது ஊர்ப் பெயர் என்று ஒருத்தருக்கும் தெரியாது, கெட்ட வார்த்தை என்று நினைத்துக்கொண்டார்கள். அப்பாவுக்குக் கோபம் வந்தால் போடா கில்ராவனுக்கு என்றுதான் திட்டுவார், ஒழிந்து போ என்கிற அர்த்தத்தில். ரெனிட்டா இங்கே வேலைக்கு வந்து பஸ்ஸில் போகும்போது கைகாட்டி மரத்தில் அந்தப் பெயரைப் படித்துவிட்டுப் போன் பண்ணினாள், அப்பா, கில்ராவன்னு நெசமாவே ஊர் இருக்குப்பா. அன்றைக்குச் சிரித்த சிரிப்பு. இங்கே வந்து பிரீஜ் அம்மாளிடம் டீ குடித்துக்கொண்டே கேட்டபோதுதான் சிரிப்பு வற்றியது. இந்த ஊரில் பையன் கப்பலேறப் போனால் முந்தின ராத்திரி உறவெல்லாம் கூடி உட்கார்ந்து இழவு காப்பார்களாம், உயிரோடு எதிரில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு, இனி பார்க்கப் போவதில்லை என்று. அது வழக்கம், அதில் பாடலும் உண்டு குடியும் உண்டு. ஆனால் தாமஸ் போனது இங்கிலாந்து ராஜாவின் பட்டாளத்துக்கு, அது வழியாகத்தான் இந்தியாவுக்கு. நிலத்துக்காக அந்த ராஜாவின் ஆட்களிடம் அடி வாங்கிய வீடு, அவனுடைய அண்ணனே ஜெயிலில். அதனால் அவன் அப்பன் இழவோடு நிறுத்தவில்லை. பெட்டி செய்து, உள்ளே பையனுடைய சட்டையும் பளுவுக்கு ஆற்றுக் கல்லும் வைத்து, மூடி ஆணியடித்து, இந்த மதிலோரம் இறக்கிவிட்டான். சாமியார் வரமாட்டேன் என்றுவிட்டார், மணி அடிக்கவில்லை. இருக்கிறவனுக்கு எப்படித் துக்கம் கேட்பது என்று அக்கம்பக்கத்தில் ஒருத்தரும் கை கொடுக்க வரவில்லை. தலைமுழுகுவது, தண்ணி தெளித்துவிடுவது என்று நாம் வாயால் சொல்கிறோம், இவர்கள் மண்ணைத் தோண்டியே காட்டிவிட்டார்கள்.

இதைக் கேட்ட பிறகு பழைய பேச்சு ஒன்றொன்றாக வேறு முகம் காட்டத் தொடங்கியது. டெவனி துரை அக்னி நட்சத்திரத்திலும் கோட்டைக் கழற்ற மாட்டாராம். ஏன்? சட்டை இங்கே பெட்டியில் இருந்ததாலா? சீ, என்ன புத்தி இது. மல்லாந்து படுக்க மாட்டாராம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவாராம். ஆடி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் டூட்டிக்குப் போகாமல் உடம்பெல்லாம் நடுங்கி, முகத்தைத் துடைத்துத் துடைத்து, தெளிக்கிறாங்க, என் மேல தெளிக்கிறாங்க என்பாராம், அந்தோணியம்மாள் முந்தானையால் துடைத்தால் முந்தானை நனைந்திருக்குமாம். வேர்வை, வேறென்ன, பொன்மலை வெயிலில் நனையாத முந்தானை ஏது. இது ஆடி மாசம். இன்றைக்கு ஞாயிறு. காலடியில் வெள்ளைக் கூழாங்கல்லைப் புதிதாகப் பரப்பியிருக்கிறார்கள், டெவனி குடும்பத்தில் இந்த ஊரில் ஒரு பூச்சி கிடையாது, பின்னே யார் பரப்பினது என்று கேட்டதற்கு பிரீஜ் அம்மாள், அது முறை வைத்துச் செய்வோம், சும்மா விட்டால் நல்லதில்லை என்று மட்டும் சொன்னாள். என்ன நல்லதில்லை என்று அவர் கேட்கவில்லை, கேட்டால் சொல்லிவிடுவாள். கூழாங்கல்லுக்குக் கீழே மண், மண்ணுக்குக் கீழே பலகை மக்கிப் போயிருக்கும், சட்டை மக்கிப் போயிருக்கும், ஆற்றுக் கல் மட்டும் மக்காது. அப்படியே படுத்துக் கிடக்கும், ஆள் வந்தால் இடம் கொடுக்கலாம் என்று. அவர் காலைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்தார். எடுத்ததும் தோன்றியது, இவர்கள் புதைத்த பிறகல்லவா அவன் பிள்ளை பெற்றான்? செத்தவன் பெற்ற பிள்ளை என் தாத்தா, அவர் பெற்றது அப்பா, அப்பா பெற்றது நான், நான் பெற்றது அங்கே சரளையில் நிற்கிறது. நாலு தலைமுறையும் இந்தக் கல்லின் கணக்கில் இல்லவே இல்லை. அப்படியானால் போட்டோவுக்கு மாலை போட்டால் இனி ரெனிட்டா என்ன செய்வாள்? ஒன்றும் ஆகாது, பெலிக்ஸ் மிளகு தட்டுவான், இவள் பிள்ளை பெறுவாள், அது நடக்கும், பேசும், தாத்தா பேர் என்ன என்று கேட்கும். இவள் என்ன சொல்வாள்? ஆடி மாசத்தில் ஒரு நாள் நடுங்குவாளா? தெளிக்கிறாங்க என்பாளா? அன்றைக்கு முகத்தைத் துடைக்க அவனாவது பக்கத்தில் இருப்பானா, இல்லை டூட்டிக்குப் போயிருப்பானா? ஐயோ என் தாயே என்றார் செலஸ்டின், வாய்விட்டே. அடுத்த கல்லறைக் குடும்பம் அதையும் செபம் என்று நினைத்து ஆமென் என்றது.

சாமியார் வரிசை வரிசையாகத் தெளித்துக்கொண்டு வந்தவர் மதிலோரம் வந்ததும் நின்றார். செலஸ்டினை ஒரு தரம் பார்த்தார், கல்லை ஒரு தரம் பார்த்தார், குச்சியைச் செம்பில் நன்றாக முக்கி எடுத்து வீசினார். கல்லுக்கு வீசினது அவர் முகத்தில் விழுந்தது. குளிர்ந்த தண்ணீர், நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. துடைக்கக் கை எழவில்லை. துடைத்தால் அது டெவனி துரையைப் போலவே ஆகிவிடும், துடைக்காமல் நின்றால் கல்லைப் போல ஆகிவிடும், எதுவும் சரியில்லை. வாய்க்குள் ஒரு சொட்டு போனது, உப்பாக இருந்தது. இதற்குள் கடைசி ஆமென் வந்து மைக் அணைந்துவிட்டது. முடிந்தது, இனி போகலாம், காரில் ஏறின உடனே சொல்லிவிடலாம், பாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னால் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, வண்டி ஓட்டுகிறவளிடம் சொல்லலாமா, கை நடுங்கி எங்கேயாவது மோதிவிட்டால், மாலை வேறு போட்டிருக்கிறது, வேண்டாம், வீட்டுக்குப் போய். அவர் திரும்பியபோது திரும்ப இடமில்லை. அவரவர் கல்லறையை விட்டு ஜனம் அவரை நோக்கி வந்துகொண்டிருந்தது. புல்லில் செருப்புச் சத்தம் கூட இல்லை. முதலில் வந்தவள் பிரீஜ். அவர் கையைப் பிடித்து, உங்கள் துக்கத்துக்கு வருந்துகிறேன் என்றாள். பிறகு அவருக்கு வலது பக்கம், ஆளில்லாத புல்லைப் பார்த்து மரியாதையாகத் தலை குனிந்துவிட்டு நகர்ந்தாள். அடுத்தவரும் அப்படியே, கை, வருந்துகிறேன், புல்லுக்கு ஒரு குனிவு. அதற்கடுத்தவரும். நூற்றுப் பத்து வருஷத்துக்கு மேல் கேட்காமல் விட்ட துக்கத்தை மொத்தமாகக் கேட்கிறார்கள் என்று மூன்றாவது கையிலோ நாலாவது கையிலோதான் அவருக்கு விளங்கியது. அந்தப் புல்லில் நின்றது யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்பன் புதைத்தான், சரி. தாமஸைப் பெற்றவள் என்ன செய்திருப்பாள்? வருஷா வருஷம் இந்த ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து, மகன் எங்கேயோ உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்துகொண்டே, ஆற்றுக் கல்லுக்குச் செபம் சொல்லியிருப்பாள். ஒருத்தன் கூட கை கொடுக்காமல் தனியாகத் திரும்பிப் போயிருப்பாள். செலஸ்டின் தன்னை அறியாமல் இடது பக்கமாக ஓரடி நகர்ந்து அந்தப் புல்லுக்கு இடம் விட்டே நின்றிருந்தார், எப்போது நகர்ந்தார் என்று தெரியவில்லை.

கைகள் வந்துகொண்டே இருந்தன, காய்ப்புக் காய்த்த கை, ஈரக் கை, விரல் குறைந்த கை, எல்லாம் குளிர். கடைசியாக வந்தது தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிய ஒரு கிழவர், மாட்டுச் சாணி மணக்கிற ஆள், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுக் கையை விடவில்லை. செலஸ்டினின் தோளுக்கு மேலாகச் சரளைப் பாதையைப் பார்த்தார். பார்த்துவிட்டார், இத்தனை பேரில் இவர் ஒருத்தர் அவளைப் பார்த்துவிட்டார் என்று செலஸ்டினுக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது, உடனே அந்த உயிரே நடுங்கியது, ஏனென்றால் அடுத்தது கேள்வி. கிழவர் மெதுவாக, அவசரமே இல்லாமல் கேட்டார், அந்தப் பெண் உங்களைச் சேர்ந்தவளா, சேர்ந்தவள் என்றால் அவளுக்கும் கை கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நான் இப்படியே போய்விடுகிறேன் என்று. இல்லை என்று ஒரு வார்த்தை. காரில் வேண்டாம், வீட்டில் வேண்டாம், மூஞ்சிக்கு நேராக வேண்டாம், ஒன்றும் சொல்லாமல் சும்மா நின்றால் கூடப் போதும், கிழவர் போய்விடுவார், காரியம் முடிந்துவிடும். பிலோமியிடம் சொல்லிட்டேன் என்று சொல்லலாம், பொய் இல்லை. ரெனிட்டா கேட்டுக்கொண்டுதான் நின்றாள். கோட்டுப் பைக்குள் அவள் கை இறுகிக்கொண்டது, சின்னப் பிள்ளையாக ஊசி போடும்போது அப்படித்தான் வைத்துக்கொள்வாள். செலஸ்டினுக்கு இங்கிலீஷ் மறந்துபோய்விட்டது. ஒர்க்‌ஷாப்பில் ஃபோர்மனோடு முப்பத்தைந்து வருஷம் பேசின இங்கிலீஷ், ஒரு சொல் மிச்சமில்லை.

"என் மக" என்றார் தமிழிலேயே, கிழவரைப் பார்த்து. "மாப்பிள்ளை டூட்டிக்குப் போயிருக்காரு. இல்லன்னா அவரும் வந்து நின்னுருப்பாரு."

கிழவருக்கு ஒன்றும் புரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், கையை விட்டார், சரளைப் பாதை வரைக்கும் நடந்து போய் ரெனிட்டாவிடம் கையை நீட்டி நின்றார். அவள் பையிலிருந்து கையை எடுக்க நேரமாயிற்று. எடுத்துக் கொடுத்தாள், கிழவர் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டியதைச் சொன்னார். அவள் அப்பாவைப் பார்த்துக்கொண்டே புல்லில் இறங்கி நடந்து வந்து அவருக்கு இடது பக்கம் நின்றாள். அவர் இன்னும் முகத்தைத் துடைக்கவில்லை.